ஆறு மணிக்குள் பன்னிரண்டு வோல்ட்

தீபன் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது.

அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. ஆனால் தரை அதிர்ந்ததை அவன் பாதங்கள் உணர்ந்தன. அடுத்த நொடி விளக்கு அணைந்தது. டேப்லெட் திரையில் அம்மாவின் முகம் அசையாமல் நின்றது. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. பிறகு அதுவும் மறைந்துவிட்டது.

அது நேற்று மாலை. இன்று நான்கு மணி ஆகியும் கரண்டு வரவில்லை.

மலேசியாவில், காஹாங் டவுனிலிருந்து அரை மணி நேரம் உள்ளே போனால், செம்பனை மரங்களுக்கு நடுவே அந்தத் தோட்டம் வரும். ஒரே வரிசையில் பத்து வீடுகள். நான்காவது வீடு ஹேமநாதனுடையது. தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அவர்தான். அவருடைய அக்கா மகன்தான் ஒன்பது வயது தீபன். ஜொகூர் பாருவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் தங்கிப் படிக்கிறான். பள்ளி விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தான்.

அவன் அம்மா யோகேஸ்வரி பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஷிப்ட். ஆறு மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அந்தக் கால் மணி நேரமும் தீபனுக்குத்தான். திரையில் இருவரும் கைகளாலேயே பேசிக்கொள்வார்கள்.

ஐந்தாவது வீட்டில் ரூபினி இருந்தாள். வயது பதினொன்று. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. தீபன் வந்த இரண்டாம் நாளே அவள் ஒரு தாளில், அவன் பள்ளியில் படிக்கும் மலாய் மொழியில் எழுதிக் காட்டினாள்: "உன் பெயர் என்ன?" அவன் எழுதினான்: "தீபன். உன் கையெழுத்து மோசம்." அன்றே இருவரும் நண்பர்கள் ஆகிவிட்டார்கள்.

இன்று ரூபினி நான்காவது வீட்டுக்குப் போனபோது, ஹேமநாதன் வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள், யாராச்சும் வர்றாங்களா?"

"யாரும் வரக்கூடாதுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். பாலத்துக்கு மேல தண்ணி ஓடுது ரூபினி. கைப்பிடிக் கம்பி மட்டும்தான் தெரியுது."

"அப்பாவும் அந்தப் பக்கம்தான் மாட்டிக்கிட்டாரு. டிராக்டருக்குப் புது பேட்டரி வாங்க நேத்து டவுனுக்குப் போனவரு."

"உங்கப்பா வேலு அண்ணனப் பத்திக் கவல இல்ல. அவரு பாத்து நிதானமா வருவாரு. எனக்கு எங்கக்காவ நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"ஏன் அங்கிள்?"

ஹேமநாதன் குரலைத் தாழ்த்தினார். தீபன் பக்கத்தில் இருந்தான். கேட்காது என்பதை அவர் மறந்துவிட்டார்.

"நேத்துப் பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் போயிருச்சு. இடி விழுந்த சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். இவன் மொகமும் மறஞ்சிருச்சு. இன்னிக்கும் ஆறு மணிக்கு இவனப் பாக்கலேன்னா அவங்க தாங்க மாட்டாங்க. மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வருவாங்க. போன வருசம் இவனுக்குக் காய்ச்சல்னு ஹாஸ்டல்ல சொன்னப்ப, கொட்டுற மழையில போனவங்க."

"வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அதுக்குள்ள கும்மிருட்டு ஆயிரும். பாலத்துல வெளக்கு இல்ல. தண்ணி ஏறியிருக்கிறது அவங்களுக்குத் தெரியாது."

ரூபினியும் சாலையைப் பார்த்தாள். அந்தப் பாலம் குறுகலானது. வெயில் நாளிலேயே அவள் சைக்கிளை அதில் மெதுவாகத்தான் ஓட்டுவாள்.

"போன் பண்ணிச் சொல்லிடலாமே?"

"எங்க லைன் இருக்கு? காலையிலேர்ந்து போனத் தூக்கிக்கிட்டுத் தோட்டம் பூரா நடந்துட்டேன். ஒரு கோடுகூட ஏறல. நம்ம வரிசைக்கே என் வீட்டு ரவுட்டர்தான லைன் குடுக்குது? அதுதான் கரண்டு இல்லாமக் கெடக்குதே."

ரூபினி கூரையை அண்ணாந்து பார்த்தாள். இரும்புக் குழாயின் உச்சியில் ஏரியல் அசையாமல் நின்றது. அதிலிருந்து இறங்கிய வயர் சன்னல் வழியாக வீட்டுக்குள் போனது. பிறகு அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த குன்றைப் பார்த்தாள். மேகம் கறுத்திருந்ததால், குன்றின் மேல் இருந்த போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு நன்றாகத் தெரிந்தது.

"அங்கிள், கோபுரத்துல வெளக்கு எரியுது!"

"அதுக்குத் தனியா ஜெனரேட்டர் இருக்குலா."

"அப்போ கோபுரம் நல்லா இருக்கு. நம்ம ஏரியலும் நல்லா இருக்கு. ரவுட்டருக்கு மட்டும் கரண்டு குடுத்தா லைன் வந்துடும். அத நான் பாத்துக்கிறேன்."

கவலையிலும் ஹேமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. "கரண்ட எங்கேர்ந்து கொண்டு வருவ?"

"என் பவர் பேங்க்லேர்ந்து!" என்று சொல்லிக்கொண்டே ரூபினி வீட்டுக்கு ஓடினாள்.

அவளிடம் ஒரு சின்ன மேசைக் காத்தாடி இருந்தது. பவர் பேங்கில் செருகினால் சுற்றும். அந்தக் காத்தாடியின் வயரின் மறுமுனை குட்டிக் குழாய் மாதிரி உருண்டையாக, நடுவில் துளையோடு, ரவுட்டர் வயரின் முனையைப் போலவே இருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "இப்பப் பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு முனையை ரவுட்டரில் செருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடியும் எரிந்தது. மறுபடியும் அணைந்தது.

தீபன் அதைப் பார்த்து, அதே வேகத்தில் தன் கண்களைச் சிமிட்டிக் காட்டினான். ரூபினி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அவ்வளவுதானா?" என்றார் ஹேமநாதன்.

"இருங்க அங்கிள். அவசரத்துல எழுதியிருக்கிறதப் படிக்க மறந்துட்டேன்."

அவள் ரவுட்டரைத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த தாளில் 12V என்று இருந்தது. பவர் பேங்கைத் திருப்பினாள். 5V. தீபன் இரண்டு எண்களிலும் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்து, "12 - 5 = 7" என்று எழுதி, பக்கத்தில் அழுகிற முகம் ஒன்றை வரைந்தான்.

"சரியாச் சொன்ன" என்று ரூபினி தலையாட்டினாள். "அங்கிள், பன்னெண்டு வோல்ட் பேட்டரி வேணும். உங்க மோட்டார்ல இருக்குமே?"

"அலமாக்! அது செத்து ஆறு மாசமாச்சு. ஒதைச்சு ஒதைச்சுத்தான் ஸ்டார்ட் பண்றேன். என் காலப் பாரு, எப்படி ஆயிருச்சுன்னு."

ரூபினி தாளில் பெரிதாக "12V பேட்டரி?" என்று எழுதி, தீபனிடம் காட்டினாள்.

தீபன் சட்டென்று எழுந்து உள்ளே ஓடினான். தன் ஓவியப் புத்தகத்தோடு வந்தான். அவனுக்கு எந்த இயந்திரத்தைக் கண்டாலும் உட்கார்ந்து வரைந்துவிட வேண்டும். மாமாவின் மோட்டார், டிராக்டர், மாவு அரைக்கும் இயந்திரம் எல்லாம் அதில் இருந்தன. வேகவேகமாகப் பக்கங்களைப் புரட்டி ஒன்றைக் காட்டினான். முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் டாங்கியின் படம் அது. குழாய், வார், மூடி எதையும் அவன் விடவில்லை. அடியில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்ன எழுத்தில், கண்டபடியே எழுதியிருந்தான்: 12V.

"அங்கிள்! மருந்து டாங்கியில பேட்டரி இருக்கு!"

ஹேமநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தினமும் முதுகுல சுமக்கிறேன். எனக்குத் தோணலையே! நேத்து மத்தியானம்தான் எல்லாத்தையும் ஃபுல் சார்ஜ் போட்டேன்."

உடனே அவர் முகம் மாறியது. "ஆனா அது ஸ்டோர் சாமான். மண்டோர்கிட்ட கேக்காம யாரும் எடுக்கக்கூடாது."

"மண்டோர் நீங்கதான அங்கிள்?"

"அட, ஆமா!"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான்கு எட்டு வைத்தவர் திரும்பி, விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. அந்த டாங்கிகிட்ட ரெண்டு பேரும் வரக்கூடாது. மருந்து பட்டா ஆபத்து. பேட்டரிய நான் கழட்டித் தொடச்சிக் கொண்டாறேன்."

அவர் கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியைக் கழற்றி, துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தபோது மணி ஐந்து ஆகிவிட்டது. செங்கல் அளவு பேட்டரி. செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்தார்.

இப்போது பேட்டரியையும் ரவுட்டரையும் இணைக்க ஒரு வயர் வேண்டும். ரூபினி தன் காத்தாடி வயரைப் பார்த்தாள். உருண்டை முனை அதில் இருக்கிறது. பவர் பேங்கில் செருகுகிற மறுமுனையை வெட்டினால் போதும். ஆனால் வெட்டிவிட்டால் காத்தாடி சுற்றாது.

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டாள்.

"அப்புறம் ராத்திரி புழுங்குதுன்னு என்கிட்ட வரக்கூடாது" என்று ஒரு குரல் கேட்டது. ரூபினியின் அம்மா புஷ்பவள்ளி வாசலில் நின்றிருந்தார்.

"வர மாட்டேன்மா."

வயரின் தோலை உரித்தால் உள்ளே இரண்டு சின்ன வயர்கள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்று இருக்கும் என ரூபினி நினைத்திருந்தாள். இரண்டுமே கறுப்பாக இருந்தன.

"எது பிளஸ், எது மைனஸ்?" என்றார் ஹேமநாதன்.

"தெரியல."

"ரெண்டுல ஒண்ணுதான? வெச்சுப் பாத்துடலாம். மணி அஞ்சே காலாச்சு ரூபினி."

ரூபினி வயரைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். "வேணாம் அங்கிள். மாத்தி வெச்சா ரவுட்டர் பொகஞ்சிரும். இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அப்புறம் எந்த பேட்டரி இருந்தும் பிரயோசனம் இல்ல."

"அப்போ என்ன செய்யிறது?"

"அளந்து பாக்கலாம்." ரூபினி அம்மாவைப் பார்த்தாள். "அப்பாவோட மீட்டர் வேணும்மா."

அப்பாவின் கருவிப் பெட்டியை யாரும் தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். புஷ்பவள்ளி தீபனைப் பார்த்தார். அவன் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டிய நானே தொறந்து எடுத்தாறேன். ஏதாச்சும் ஒடஞ்சா ரெண்டு பேரும் சேந்து திட்டு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீட்டரோடு இரண்டு கிளிப்புகளும் வந்தன. முதலை வாய் மாதிரிப் பல் வைத்த கிளிப்புகள். அப்பா டிராக்டர் பேட்டரியைச் சோதிக்கும்போது டார்ச் லைட் பிடிப்பது ரூபினியின் வேலை. அதனால் மீட்டரின் குமிழை எங்கே திருப்பி வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

ரவுட்டரின் அடியில் இருந்த தாளை அவள் மறுபடியும் பார்த்தாள். அதில் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் இருந்தன. புள்ளியிலிருந்து ஒரு கோடு போய் + குறியில் முடிந்தது. அப்படியென்றால் முனையின் நடுத்துளை பிளஸ். வெளிப்பக்கம் மைனஸ்.

அவள் இரண்டு கறுப்பு வயர்களையும் கிளிப்புகளால் பேட்டரியில் மாட்டினாள். உருண்டை முனையைத் தீபன் ஆடாமல் பிடித்துக்கொண்டான். மீட்டரின் சிவப்பு ஊசியை நடுத்துளையிலும் கறுப்பு ஊசியை வெளிப்பக்கத்திலும் வைத்தாள்.

"பன்னெண்டரை!" என்று ஹேமநாதன் கத்தினார். "சரியா இருக்கு! செருகு, செருகு!"

தீபன் தலையைப் பலமாக ஆட்டினான். மீட்டரின் திரையில் எண்ணுக்கு முன்னால் விரலை வைத்தான். அங்கே ஒரு சின்னக் கோடு இருந்தது.

"மைனஸ் போட்டிருக்கு அங்கிள். மாத்தி மாட்டியிருக்கேன்" என்றாள் ரூபினி.

கிளிப்புகளைக் கழற்றி இடம் மாற்றினாள். மறுபடியும் அளந்தாள். பன்னிரண்டரை. இந்த முறை முன்னால் கோடு இல்லை.

ஹேமநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்ன மாதிரி வெச்சிருந்தா?"

"பொகைதான் வந்திருக்கும்."

எந்த வயர் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாக டேப் சுற்றினாள். பிறகு உருண்டை முனையை ரவுட்டரில் செருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. தீபன் சிமிட்டாமல் அதையே பார்த்தான். அது அணையவில்லை. பக்கத்தில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னத் தொடங்கியது. ரவுட்டர் கோபுரத்தைத் தேடுகிறது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

சிவப்பு, நீலமாக மாறியது.

பக்கத்து வீட்டில் "டிங்" என்று ஒரு சத்தம். அதற்கடுத்த வீட்டில் "டிங் டிங்". ஒரு நாள் முழுக்க ஊமையாக இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டன. வரிசை வீடுகளின் கதவுகள் படபடவென்று திறந்தன.

ஹேமநாதன் உடனே அக்காவுக்கு, "பாலத்தில் வெள்ளம், வராதீங்க, தீபன் நலம்" என்று எழுதி அனுப்பினார். ஆனால் வேலை நேரத்தில் அக்காவின் போன் லாக்கரில் இருக்கும். ஆறு மணிக்குத்தான் கையில் எடுப்பார்.

மணி ஐந்து ஐம்பது. வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஏழாவது வீட்டுக் கிருஷ்ணம்மா ஆன்ட்டி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"லைன் வந்துருச்சா? எம்மகன் பத்து மெசேஜ் போட்டிருக்கான்!"

ரூபினி வாசல் படியில் ஏறி நின்றாள். "ஆன்ட்டி, அங்கிள், எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஆறேகால் வரைக்கும் போன ஆஃப் பண்ணி வைங்க. தீபன் அவங்கம்மாகிட்ட பேசணும். நம்ம எல்லாரும் லைன இழுத்தா படம் நின்னு நின்னு வரும். நமக்குப் படம் நின்னாலும் குரல் கேக்கும். அவனுக்குக் கை அசையிறது தெரியலேன்னா ஒண்ணுமே புரியாது."

"நல்லா இருக்கோம்னு ஒரே ஒரு வார்த்த அனுப்பிக்கிறேனே?"

"ஆறேகாலுக்கு நூறு வார்த்த அனுப்புங்க ஆன்ட்டி."

கிருஷ்ணம்மா ஆன்ட்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தீபன் தலைவாரி, நேராக உட்கார்ந்து, டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் தன் போனை அணைத்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "என்னலா பாக்குறீங்க? எல்லாரும் ஆஃப் பண்ணுங்க! ஏய், அந்த மஞ்சள் சட்ட, ஒன்னத்தான்!" என்று அதட்டினார். ரூபினிக்கு அதற்கு மேல் வேலையே இல்லாமல் போனது.

ஆறு மணி. தீபன் அழைப்புப் பொத்தானை அழுத்தினான். பதில் இல்லை.

ஆறு மணி ஒரு நிமிடம். மறுபடி அழுத்தினான். பதில் இல்லை.

ஆறு மணி மூன்று நிமிடம். ரூபினி தன் நகத்தைக் கடித்தாள். ஹேமநாதன் சாலையைப் பார்த்தார்.

திடீரென்று திரை ஒளிர்ந்தது.

யோகேஸ்வரி கேன்டீனில் இல்லை. மோட்டார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தார். மழைச்சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் ஹெல்மெட். மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஷிப்ட் முடியும் முன்பே அவர் கிளம்பிவிட்டிருந்தார். லாக்கரிலிருந்து அவசரமாக எடுத்து வந்த போனை இப்போதுதான் பார்த்திருந்தார். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் போன் அவர் பைக்குள் போயிருக்கும்.

தீபனைக் கண்டதும் போனை மோட்டாரின் மேல் சாய்த்து வைத்து, ஹெல்மெட்டைக் கீழே விட்டார். அது உருண்டோடுவதைக்கூட அவர் பார்க்கவில்லை. கைகள் இரண்டும் வேண்டுமே! அவர் கைகள் பறந்தன. தீபனின் கைகளும் பறந்தன. ரூபினிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் யோகேஸ்வரியின் கண்களில் நீர் வழிந்ததும், தீபன் நெஞ்சைத் தட்டிச் சிரித்ததும் புரிந்தன.

"அக்கா! பாலத்துல தண்ணி! வராதீங்க!" என்று ஹேமநாதன் பின்னாலிருந்து அலறினார்.

"கத்தாதடா. எனக்குக் காது கேக்கும்" என்றார் யோகேஸ்வரி.

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"கரண்டு இல்லேன்னு தீபன் சொல்றான், எப்படிடா லைன் வந்துச்சு?"

ஹேமநாதன் வாயைத் திறப்பதற்குள் தீபன் கைகளால் சொல்லத் தொடங்கிவிட்டான். முதுகில் டாங்கி மாட்டிக் காட்டினான். பேட்டரியைத் தூக்கிக் காட்டினான். மாமா அவசரப்பட்டதையும் முகத்தைத் துடைத்துக்கொண்டதையும் அப்படியே நடித்துக் காட்டினான். கடைசியில் ரூபினியின் கையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் இழுத்து வந்தான்.

யோகேஸ்வரி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கைகளை அசைத்தபடியே, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

ரூபினி பதிலை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் கையால் சொல்லத் தோன்றியது. தீபன் செய்வதைப் பார்த்திருந்த நினைவில், கையை வாய்க்குக் கொண்டுபோய், பிறகு முகத்துக்கு முன்னால் நீளமாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தீபன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து சிரித்தான். திரையில் யோகேஸ்வரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொல்லிட்டேன் ஆன்ட்டி?"

"யானையச் சாப்பிட்டேன்னு சொன்னம்மா."

பிறகு யோகேஸ்வரி மழைச்சட்டையைக் கழற்றினார். "நான் மறுபடி உள்ள போறேன். மிச்ச வேலைய முடிச்சுடுறேன். தண்ணி வடிஞ்சதும் ஞாயித்துக் கெழம வர்றேன். பகல்ல" என்று வாயாலும் கையாலும் சொன்னார். தீபன் ஏழு விரல்களைக் காட்டி ஏதோ கேட்டான். "ஏழு இல்ல, மூணே நாள்தான்" என்று அவர் மூன்று விரல்களைக் காட்டினார்.

ஆறேகாலுக்கு ரூபினி வாசலுக்கு வந்து, "இப்ப எடுக்கலாம்" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் கிருஷ்ணம்மா ஆன்ட்டி மகனைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கரண்டு வந்தது. சனிக்கிழமை பாலம் வெளியே தெரிந்தது. வேலு சேற்றில் நனைந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டில் நடந்ததை எல்லாம் கேட்டார். பேட்டரியில் மாட்டியிருந்த வயரை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த டேப்ப யாரு சுத்துனது?"

"நான்தான்ப்பா."

"நல்லாத்தான் இருக்கு. இன்னொரு சுத்து சுத்தியிருக்கலாம்" என்றார். அன்று மாலை டிராக்டரைச் சரிபார்க்கப் போகும்போது, டார்ச் லைட்டைத் தானே வைத்துக்கொண்டு மீட்டரை ரூபினியின் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில். தீபனும் ரூபினியும் வாசலில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். சாலை வளைவுக்கு அப்பால் செம்பனை மரங்கள் மறைத்தன. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தூரத்தில், பாலத்துப் பக்கம், ஒரு மோட்டாரின் சத்தம் ரூபினிக்குக் கேட்டது.

அவள் தீபனின் தோளைத் தொட்டு, சாலையைக் காட்டினாள்.

மோட்டார் வளைவில் திரும்புவதற்கு முன்பே அவன் ஓடத் தொடங்கிவிட்டான்.